ஜவாத் எடுத்த பங்கு

டோஹா, கட்டார்
2025 மே 2

அன்பின் றிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். நீயும் மகள் அம்ஹாவும் மாமியும் அப்படியே சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. நோன்புப் பெருநாளுக்கு உனக்கென்று அனுப்பிய வொய்ஸ் மெசேஜை உன் உம்மா சத்தமாகப் போட்டுக் கேட்டு, "மருமகனுக்கு எங்கட புள்ளயக் காணாம நித்திர வருகுதில்லையாம்" என்று பக்கத்து வளவுக்கும் சொல்லிவிட்டா. பெருநாள் வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் என் நித்திரையைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ஆகவே முக்கியமான விஷயம் இனிக் கடிதத்தில்தான்.

விஷயம் இதுதான். ஓகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைப்பதா, ஊருக்கு வருவதா என்று முடிவெடுக்க வேண்டும். இதற்குள் எனக்கு ஓர் எண்ணம். கொழும்பில் உள்ள பெரிய பானக் கம்பனி ஒன்றின் பங்குகளை வாங்கலாமா என்று பார்க்கிறேன். கல்முனையில் எந்தக் கடையின் குளிர்பெட்டியைத் திறந்தாலும் அவர்களுடைய சோடாதான் முன்னால் நிற்கும். நானும் இங்கே நாள் முழுக்கச் சோடாப் பெட்டிதானே ஏற்றி இறக்குகிறேன். வெயில் உள்ள மட்டும் இந்த வியாபாரம் படுக்காது. வருஷா வருஷம் லாபத்தில் நமக்கும் வரும். ஆனால் நான் சேர்த்ததெல்லாம் அதில் போய்விடும். அப்படியென்றால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேதான்.

உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். பங்கு எடுப்பதா வேண்டாமா, ஒரு சொல் சொல்லு.

கடிதம் கொண்டு வருகிற இஹ்ஸான் நிந்தவூர்க்காரர், என் அறையில்தான் இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பு. அவருக்குச் சீனி கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

உன்
ஜவாத்


சாய்ந்தமருது
2025 மே 24

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். இஹ்ஸான் காக்கா இரண்டு கோப்பை குடித்தார்.

நீங்கள் பொறுமையே இல்லாத மனுஷன். கடிதத்தில் கேட்டதை எதற்கு மறுபடியும் வொய்ஸில் கேட்டீர்கள்? நான் கிணற்றடியில் நிற்க, உம்மா அதைப் போட்டுவிட்டா; உங்கள் குரல் வளவு முழுக்கக் கேட்டது: "பங்கு எடுக்கிற விஷயம் என்ன மாதிரி? நாள் போகுது. ஓமா, இல்லையா?"

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் பங்கு என்றால் இந்த ஊரில் யாருக்கு வேறு எது ஞாபகம் வரும்? நான் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் உம்மா பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி, ஏழு பேர் சேர்ந்து அறுக்கிற குர்பான் மாட்டில் ஏழாவது பங்குக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டா. தன் கைக்காசையும் கொடுத்துவிட்டா.

"ஆறு பேர் சேந்து ஏழாவது ஆளில்லாம நிண்டாங்க புள்ள. அந்த நேரம் பாத்து என்ட மருமகன் கேக்கிறார். இது அல்லாஹ்ட வேலதான்" என்கிறா.

"அது மாட்டுப் பங்கு இல்ல உம்மா, சோடாப் பங்கு" என்றேன்.

"சோடாவ ஆராச்சும் அறுப்பாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டா. இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்கட ஜவாத் பங்கு எடுத்திரிக்கார்" என்று சொல்லித் திரிகிறா. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் கேள்வி. பானக் கம்பனி என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். என்ன பானம்? சோடா மட்டும்தானா? நன்றாக விசாரித்து எழுதுங்கள், அதன் பிறகு என் சொல்லைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் என்று எழுதியிருந்த வரியை இன்னும் வாசிக்காத மாதிரித்தான் வைத்திருக்கிறேன்.

அம்ஹாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "வாப்பா" என்றால் காற்றுத்தான் வருகிறது.

அங்கே திரும்பி வருகிற முனாப் தம்பியிடம் இந்தக் கடிதத்தோடு மாசிச் சம்பல் கொடுத்து விட்டிருக்கிறேன். அறைக்குள் போக முன்னம் உங்கள் பங்கை எடுத்து ஒளித்து வையுங்கள்.

உங்கள்
றிபா


டோஹா
2025 மே 30

அன்பின் றிபாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் அறையில் உள்ளவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் சம்பலும் முடிந்தது. நான் கேட்காத பங்கை எனக்கு எடுத்துத் தந்த மாமிக்கு அல்லாஹ் நிறையக் கூலி கொடுக்கட்டும்.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற கிருஷாந்தன் காரைதீவுப் பெடியன். அவனைக் கொண்டு அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையை வாசிப்பித்தேன். சோடா, பழச்சாறு, போத்தல் தண்ணீர். பிறகு, வேறு பெயரில் ஒரு பியர்த் தொழிற்சாலையும் இருக்கிறது. கொஞ்சம்தான் றிபா. வரும்படியை ஏழாகப் பிரித்தால் அதில் ஒன்று. "மிச்சம் ஆறும் நல்ல பங்குதானே ஜவாத், அத நினைச்சு வாங்குங்க" என்று கிருஷாந்தன் சொல்கிறான். எனக்கும் அது சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதில் இருந்து சோறு இறங்குகிறதில்லை.

இன்னொன்று. உன்னிடம் மறைத்து என்ன செய்ய? எனக்கு ஊருக்கு வரப் பயமாக இருக்கிறது. அது உன் உம்மா உனக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அதற்குள் தொழில் இல்லாத மாப்பிள்ளையாகக் காலை நீட்டிக்கொண்டு இருக்க என்னால் ஏலாது. நான் சும்மா இருக்கிற காலத்திலும் எங்கேயோ ஒன்று எனக்காக உழைத்துக்கொண்டு இருக்கட்டும் என்றுதான் இந்தப் பங்கைத் தேடினேன். மற்றப்படி எனக்குச் சோடாவில் என்ன ஆசை? நீ போடுகிற தேத்தண்ணிக்குத்தான் ஆசை.

இதைக் கொண்டு வருகிற இன்ஸாப் பொத்துவிலுக்குப் போகிற அவசரக்காரர். வாசலில் வைத்தாவது தேத்தண்ணி கொடுத்து விடு.

உன்
ஜவாத்


சாய்ந்தமருது
2025 ஜூன் 12

அன்புள்ள மச்சான்,

ஈத் முபாரக். பெருநாள் நன்றாகப் போனது. நீங்கள் இல்லாததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

உங்களுக்குப் பதிலாகத் தம்பி றிப்தி போய் நின்றான். ஏழு பாய் விரித்து, இறைச்சியை ஏழாக, எலும்பை ஏழாக, ஈரலைக்கூட ஏழாக வெட்டி வைத்தார்களாம். ஒரு துண்டு கூடினாலும் எடுத்து அடுத்த பாயில் போட்டார்களாம். ஏழு பேரும் மனநிறைவோடு பிரிந்து போனார்கள் என்றான். நம்முடைய பங்கில் ஏழைகளுக்கும் அயலுக்கும் கொடுத்தது போக, வீட்டுக்கென்று கொஞ்சம் வைத்தோம்.

அப்போதுதான் உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. மாட்டை வெட்டிப் பிரிக்கலாம். இது உன்னுடையது, இது என்னுடையது என்று கையால் தொட்டுக் காட்டலாம். அந்தக் கம்பனியில் இருந்து நமக்கு வருகிற காசில் எது சோடாக் காசு, எது பியர்க் காசு என்று கிருஷாந்தன் வெட்டிப் பிரித்துத் தருவாரா? தருவாரென்றால் ஓம். ஏலாதென்றால் இல்லை. நான் மௌலவியிடம் கேட்கப் போகவில்லை. உங்களுக்குச் சோறு இறங்காததே எனக்குப் போதும்.

வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. போன முறை வந்தபோது கூரையில் ஏறி ஓடு மாற்றியது யார்? பின் அறை கட்டியது யாருடைய உழைப்பு? இந்த வீட்டில் உங்களை யாராவது ஒரு நாளாவது விருந்தாளி என்று சொன்னோமா?

றிப்தி கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழச்சாறுக் கடை எடுத்திருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பங்குதான் வேணுமெண்டா மச்சான என்னோட போடச் சொல்லுங்க ராத்தா. ஆனா பழம் அவர்தான் வெட்டோணும். நான் பொல்லாத சோம்பேறி."

வீட்டுக்கு வைத்த இறைச்சியில் ஒரு பையை உம்மா தொட விடுகிறா இல்லை. "பங்குக்காரன் வந்தாத்தான் அது அடுப்புக்குப் போகும்" என்கிறா. குளிர்பெட்டியில் ஓகஸ்ட் வரை இருக்குமாம். அதற்கு மேல் தனக்குத் தெரியாதாம்.

இஹ்ஸான் காக்கா லீவு முடிந்து வருகிறார். அவரிடமே இதைக் கொடுக்கிறேன். நீங்கள் வந்துவிடுங்கள் மச்சான்.

உங்கள்
றிபா


டோஹா விமான நிலையம்
2025 ஓகஸ்ட் 14

அன்பின் றிபாவுக்கு,

ஸலாம். கம்பனிப் பங்கு வாங்கவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை. உன் கேள்வியைக் கிருஷாந்தனிடம் கேட்டேன். ஆண்டறிக்கையை மறுபடியும் புரட்டிவிட்டு, "உங்கட வைஃபுக்கு என்னால பதில் சொல்ல ஏலாது" என்று கையை விரித்துவிட்டான்.

இவ்வளவு நாளும் நான் வருவதைப் பற்றிப் போனில் மழுப்பியது உன் உம்மா சத்தமாகப் போட்டுவிடுவா என்ற பயத்தில்தான். என்னோடு கோபிக்காதே. அன்னாசி வெட்டப் பழகிக்கொண்டேன் என்று றிப்தியிடம் சொல்லு.

கடிதம் கொண்டு வருகிறவர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கேற்றைத் தட்டுவார். நீ இதை வாசித்து முடிக்கும் வரை பேசாமல் அங்கேயே நிற்பார். இவரைத் தேத்தண்ணியோடு அனுப்பிவிடாதே. குளிர்பெட்டியில் இருக்கிற பையை வெளியே எடுக்கச் சொல்லு. அம்ஹாவை எழுப்பு.

தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்று அவரிடம் கேட்க வேண்டாம். உனக்குத் தெரியும்.

உன்
ஜவாத்