அணைந்து கிடந்த உன் போனும் மண்மேட்டு வெடிப்பும்

என் தங்கச்சியைக் கட்டி, பக்கத்துக் காம்பராவிலேயே பதினோரு வருஷம் குடியிருந்துவிட்டுப் போன மச்சான் தேவராஜுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் போன் இப்போது வேலை செய்கிறது. அதை எப்படி எழுப்பினோம், அதனால் இங்கே என்ன நடந்தது என்பதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று நல்ல மழை. லொறியில் ஏற்றும்போதே உனக்குப் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் உன் சட்டையையும் செருப்பையும் போனையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கச்சி புஷ்பம் அந்தப் போனைத் துடைத்து, சார்ஜரைச் சுற்றி, அலுமாரியில் வைத்தாள். அதன்பிறகு நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. தொட என்ன அவசியம் இருந்தது?

அவசியம் போன மாதம் வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, காம்பராக்கள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் நம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்க்கப் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார். மேட்டின் உச்சியில் குறுக்கே ஓடும் வெடிப்பைப் பார்த்துவிட்டு, "இது எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். போன வருஷம் என்றார் ஒருவர். என் அம்மா காலத்திலேயே இருந்தது என்றார் இன்னொருவர்.

"பழைய வெடிப்பு அப்படியே இருக்குன்னா கொஞ்சம் பார்க்கலாம். பெரிசாகிட்டு வருதுன்னா இப்பவே ஆக்கள இங்கருந்து எடுக்கணும். பெரிசாகுதுன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

வாசற்படியிலிருந்து புஷ்பம்தான் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போட்டோ எடுத்து வச்சிருக்காரு மிஸ். அவரு இல்ல. போன் இருக்கு."

வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் போனார். அன்று திங்கள்.

வாரா வாரம் நீ மேட்டில் ஏறியதை லயமே பார்த்தது. லயமே சிரித்தது என்றும் சொல்லலாம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் யார் என்பது உனக்குத் தெரியும்.

போனைச் சார்ஜில் போட்டோம். ஒன்றுமில்லை. பெட்டரி படம்கூட வரவில்லை. வெகு நாள் கிடந்த போன், கொஞ்ச நேரம் ஏறட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டோம். அப்போதும் கறுப்புத்தான். பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கி மாட்டினேன். ஓட்டைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்திருந்ததால் ஈர்க்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். பக்கத்துப் பொத்தானை அரை நிமிஷம் விடாமல் அமுக்கிப் பார்த்தேன். சத்தம் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் வரும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தேன். தேயிலை ஃபெக்டரியில் மெஷின் நின்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கண்ணாடித் துண்டில் கை வைக்க இடமே இல்லை.

மறுநாள் நானும் புஷ்பமும் மஸ்கெலியாவுக்குப் போனோம். கடையில் இருந்தவர் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். "சொப்ட்வெயார் புதுசா அடிச்சுப் பார்ப்போம். அனேகமா வந்துரும். ஆனா உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும். பரவாயில்லையா?"

நான் யோசித்தேன். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் போனாவது மிஞ்சட்டும் என்றுதான் நினைத்தேன். புஷ்பம் கையை நீட்டிவிட்டாள்.

"போன் எனக்கு எதுக்குங்க? உள்ளுக்கு இருக்கிறதுதான் வேணும். குடுங்க."

புதன்கிழமை இருவரும் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது என்று தெரிந்தே லீவு சொல்லிவிட்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினோம். பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர். போனை வாங்கியதும் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"விழுந்ததா, நனைஞ்சதா?"

"நனைஞ்சது," என்றேன்.

"எப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் புஷ்பம், "அவரு மோசம்போன அன்னைக்கு," என்றாள்.

நானா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "அவர்ட போனா இது? சரி தங்கச்சி. அந்தக் கதிரையில இருங்க. நான் எதையும் அழிக்க மாட்டேன்."

பின்மூடியைச் சூடு காட்டிக் கழற்றினார். பெட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களால் நேராகக் கரண்ட் கொடுத்தார். மேசையில் இருந்த மீட்டரில் இலக்கம் ஏறியது. "போர்ட் நல்லா இருக்கு," என்றார். பிறகு உள்ளே பச்சை பூத்திருந்த இடத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் தேய்த்தார். வேறொரு பெட்டரியை மாட்டிப் பொத்தானை அமுக்கினார். போன் அவர் கைக்குள் ஒரு தடவை அதிர்ந்தது. கண்ணாடி கறுப்பாகவே இருந்தது.

"போன் ஓன் ஆகிட்டு. முகம்தான் காட்டுதில்ல," என்று டோர்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். "டிஸ்ப்ளே போயிருக்கு. இதே மாதிரி உடைஞ்ச போன் ஒண்டு கிடக்கு. அதுட டிஸ்ப்ளேயக் கழட்டி மாட்டிப் பார்ப்பம்."

அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. புஷ்பம் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வந்தது. முதலில் கம்பெனிப் பெயர், பிறகு உன் பிள்ளை பள்ளிக்கூட உடுப்பில் நிற்கும் படம், அதன்மேல் ஒன்பது புள்ளிகள். கோடு போட்டால்தான் திறக்கும். நானா எங்களைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. புஷ்பம் எழுந்து வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்த கோட்டை ஒரே இழுப்பில் போட்டாள்.

படங்கள் எல்லாம் இருந்தன, மச்சான். நாற்பத்தி மூன்று. ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும். முதல் படத்தில் வெடிப்புக்குள் உன் சுண்டு விரல் போகிறது. கடைசிப் படத்தில் உன் கால் பாதம் குறுக்கே இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் நானா தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு சிறிய பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வீடியோவும் இருந்தது. அதைப் புஷ்பம்தான் தட்டிவிட்டாள். கடைக்குள் உன் குரல் கேட்டது. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. போன வாரத்தவிட ரெண்டு விரக்கட கூடியிருக்கு. பாருங்க, தண்ணி உள்ள எறங்குது." அதற்குப் பின்னால் என் குரல். "டேய், வெடிப்புக்குக் கல்யாண அல்பம் போடுறியா?" பிறகு என் சிரிப்பு. அது நிற்காமல் போகிறது. நீ மண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கிறாய்.

நான் கடை வாசலுக்கு வந்து பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை செயலகத்தில் அந்த அதிகாரி ஒவ்வொரு படமாகப் பார்த்து நாளைக் குறித்துக்கொண்டார். வீடியோவை இரண்டு முறை போட்டார். தண்ணீர் இறங்கும் இடத்தில் நிறுத்தி, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் வேகமாகப் பேசினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இந்தச் சிரிக்கிறது யாரு?"

"நான்தான் மிஸ்."

அவர் வீடியோவை மூடிவிட்டுக் குறிப்பு எழுதத் தொடங்கினார். வீடியோ எடுத்த அன்று நீ என்னைத் திட்டியிருக்கலாமே. ஏன் திட்டவில்லை? என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டாயா, அல்லது அந்தச் சிரிப்பு உன் காதிலேயே விழவில்லையா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கும்.

சனிக்கிழமை லயத்தில் இருந்த எட்டுக் குடும்பங்களையும் எழும்பிப் போகச் சொன்னார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் இடம். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அடுப்பு எங்கே வைப்பது, கோழியை எங்கே கட்டுவது என்று சண்டை. எங்கள் பெரியப்பா மட்டும் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். நான் உன் வீடியோவை அவருக்குக் காட்டினேன், என் சிரிப்போடு சேர்த்துத்தான். பார்த்துவிட்டு, "எங் கம்பளிய எடு," என்றார்.

ஒன்பதாம் நாள் காலை, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேடு இறங்கியது. ஃபெக்டரியில் இருந்த எனக்கு மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உன் காம்பரா, என் காம்பரா, அதற்கடுத்த இரண்டு. பின்சுவர் இல்லை. மண் வாசல்வரை வந்து நின்றிருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் வயசாளிகளும் கைப்பிள்ளைகளும்தான் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

புஷ்பம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. "அலுமாரி போச்சு," என்றாள். பிறகு, "பிள்ளைக்குப் பசிக்கும்," என்று திரும்பி நடந்தாள்.

இப்போது இன்னொரு செய்தி. தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் எங்களுக்குத் துண்டுக் காணி கொடுத்து வீடு கட்டித் தருவதாகப் பேச்சு. போன வாரம் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர் இருக்கிறது. எட்டாவது இல்லை. உன் காம்பரா உன் பெயரில் பதிந்திருந்ததாம். நீ இல்லாததால் அந்தக் குடும்பமும் இல்லையாம். புஷ்பம் கொழுந்துக்குப் போகிறவள்தான், ஆனால் நாள் சம்பளத்துக்குப் போகிறவள், பதிவு இல்லை. "அண்ணன் வீட்டோட இருந்துக்குங்களேன்," என்று கணக்கப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது.

அவள் என் வீட்டில் இருக்கலாம், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏழு குடும்பத்துக்கும் அந்தக் காணி எப்படி வந்தது? பட்டியலை ஒட்டியவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

வருகிற புதன்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார்கள். கையெழுத்து வைக்க வேண்டாம் என்று மற்ற ஆறு பேரிடமும் நான் பேசிவிட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் யோசிக்கிறார்கள். அவர்கள் யோசித்து என்ன முடிவு எடுத்தாலும் என் முடிவு இது: புஷ்பத்தின் பெயர் எட்டாவதாக அந்தத் தாளில் ஏறும்வரை, என் பெயருக்கு நேரே நான் கையெழுத்து வைக்க மாட்டேன். பள்ளிக்கூட மண்டபத்திலேயே கிடந்தாலும் சரி. இதை உன்னிடம் எழுத்தில் தருகிறேன்.

இப்படிக்கு,
புஷ்பத்தின் அண்ணன், உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
கணேசன்