இடது சிலிண்டரின் கோணல்

இல்லை, உன் வண்டியை இன்னும் கொடுக்கவில்லை. அதை வாங்க நினைக்கும் குருகிராம்காரர் இரண்டாவது முறையும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். இன்று ஞாயிறு.

காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். புளியும் அப்பளமும் வாங்க. முன்னால் நின்ற அம்மாள் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் கவுண்டரில் சிந்தியது. அந்தக் கனத்த, மந்தமான வாசனை. புளி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதே கவுண்டரில்தான் நீயும் விளக்கெண்ணெய் கேட்டாய். பெரிய பாட்டிலாக. குழந்தைக்கா என்றார் கடைக்காரர்.

"ஆமாண்ணே. ரெட்டப் புள்ளைங்க. ரெண்டுக்கும் மூச்சு சரியில்ல."

அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். எண்ணெய் கொடுக்காதே, டாக்டரிடம் காட்டு என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்தாய். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பெட்ரோலில் இதைக் கலந்து ஓட்டினார்களாம். இப்போது அதைவிட நல்ல ஆயில் கிடைக்கிறதே என்றேன்.

"கிடைக்கும். வாசனை கிடைக்காதுட்டி."

இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரண்டு சிலிண்டர்கள். முந்நூற்றைம்பது சிசி, டூ-ஸ்ட்ரோக். நம் இருவரையும்விட வயதான மோட்டார் சைக்கிள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், உன் அப்பாவின் ஸ்கூட்டர் நின்ற கொட்டகைக்கு அது தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தது. எஞ்சின் தனியாக, சாக்கில்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சு மட்டும், அதுவும் உன் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சு, நடுவில் இந்தி. பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிற பெண் என்று கேள்விப்பட்டு, உனக்கு எழுத்துச் சொல்லித்தர உன் அம்மா என்னை வரச்சொன்னார். உயிரெழுத்துகளே முடியவில்லை. அதற்குள் என் கையில் அரத்தைக் கொடுத்துவிட்டாய். இந்தக் கடிதத்தை நீ இருந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நடுநடுவே நிறுத்தி, "இதுக்கு என்னட்டி அர்த்தம்?" என்று கேட்டிருப்பாய்.

டேங்க்கைச் சுரண்டிய நாள். சிவப்புக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் ஏதோ ஓர் எண்ணின் பாதி. விற்றவர் இது சோழவரம் பந்தயங்களில் ஓடிய வண்டி என்று சொன்னதை நாம் நம்பியிருக்கவில்லை. அன்று நம்பினோம். சண்டையும் அன்றுதான் தொடங்கியது.

ஃபாக்டரியிலிருந்து வந்தபடி அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. எனக்குப் பழைய பிரதிகளைப் படிக்கிற புத்தி. பிறர் கை பட்டதையெல்லாம் நீக்கிவிட்டால் அடியில் மூலம் இருக்கும் என்ற நம்பிக்கை. நீ வெள்ளை வட்டத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாய், "ரேஸ் ஓடுன வண்டிக்கு எதுட்டி ஒரிஜினல்?"

 

நொய்டாவைத் தாண்டி இருக்கும் பந்தயத் தடத்தில் அதை ஒரே ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்பது உன் ஆசை. டெல்லித் தெருவில் இத்தனை வயதான வண்டிக்குச் சட்டப்படி இடமில்லை. அதற்காக எரிந்த புகை வெளியேறும் வாசலை, போர்ட் என்பாய், மேல் விளிம்பில் அரம் போட்டு உயர்த்த வேண்டும். வாசல் சற்று முன்னதாகத் திறக்கும். மேல் வேகத்தில் வண்டி பாயும். கீழ் வேகத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கொடுத்து வாங்குவது.

மழைக்கால ஞாயிறு. இடது சிலிண்டர் உன் முழங்கால்களுக்கு நடுவில். கொஞ்சம் எடுப்பாய், துடைப்பாய், பார்ப்பாய், மறுபடி கொஞ்சம். "எடுத்தாத் திரும்ப வைக்க முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே. உள்ளேயிருந்து உன் அம்மா, பஜ்ஜி ஆறுகிறது என்று கூப்பிட்டார். நீ தலையைத் திருப்பினாய். அரத்தைத் தூக்கவில்லை.

விளிம்பின் வலது மூலை மயிரிழை அளவு மேலே ஏறிவிட்டது.

நீண்ட நேரம் பார்த்தாய். பிஸ்டனை உள்ளே விட்டு, ரிங் விளிம்பில் சிக்கி மாட்டுகிறதா என்று பார்த்தாய். மாட்டவில்லை. நீ அரத்தை வீசப்போகிறாய் என்று நினைத்தேன்.

"சரி விடு. அடுத்ததையும் இதே மாதிரி கோணலாக்கிருவோம். ரெண்டும் ஒண்ணா இருந்தாப் போதும். எஞ்சினுக்கு அழகு தெரியாது."

பிறகு போய்ப் பஜ்ஜி சாப்பிட்டாய். வலது சிலிண்டர் அடுத்த ஞாயிறு என்றாய்.

அந்த வாரம் காய்ச்சல். டெங்கு என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நீ என்னிடம் கேட்டது, வலது சிலிண்டருக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவினாயா என்று. தடவினேன் என்றேன். தடவித்தான் இருந்தேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். எண்ணெய்.

குருகிராம்காரர் நல்லவர். வண்டியைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்தார். கண்ணாடி அறையில் நிறுத்துவாராம், ஃபாக்டரியிலிருந்து வந்த அன்று இருந்தபடி. நான் சொன்ன அதே வாதம், அவர் வாயில். இடது சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து, யே தோ பர்பாத் ஹோ கயா, இது பாழாகிவிட்டதே, என்றார். அவரிடம் அரம் படாத ஒரு இடது சிலிண்டர் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்வார். "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மேடம், பேனா ஸ்டாண்டு ஆகும்." வேடிக்கையாகத்தான் சொன்னார்.

உன் அப்பா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கொட்டகையையும். முடிவை என்னிடம் விட்டுவிட்டார். சொன்னது ஒன்றுதான்: "நல்லா வச்சுக்கிடுத ஆளாப் பாத்துக் குடும்மா." நல்லபடி வைத்துக்கொள்ளக்கூடிய ஆள் குருகிராமில் இருக்கிறார். என்னிடம் இருப்பது துவாரகாவில் ஒரு அறை, மூன்றாவது மாடி, ஒரு பால்கனி. வலது சிலிண்டருக்கு அவரிடம் மாற்று இல்லை; அதில் அரம் பட்டுவிட்டால் அவர் வாங்கமாட்டார். படாவிட்டால் உன் கை பட்ட இடது சிலிண்டர் வெறும் பேனா ஸ்டாண்டு.

இதுவரை எழுதிவிட்டு ஆர்.கே.புரம் போனேன். இப்போது மாலை.

வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். உன் அப்பா மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தார். உன் அம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நீ செய்வதுபோலக் காகிதத்தைச் சுருட்டி இடது சிலிண்டருக்குள் விட்டு, எண்ணெய் பட்ட கட்டைவிரலால் போர்ட்டின் விளிம்போடு தேய்த்தேன். வாசலின் வடிவம் காகிதத்தில் விழுந்தது. வலது மூலையில் நீ தலையைத் திருப்பிய இடம்.

வேறு வழியும் இருந்தது. இரண்டு விளிம்புகளையும் அந்த மூலையின் உயரத்துக்கே நேராக ஏற்றிவிடலாம். ஒழுங்காக இருக்கும். ஆனால் நீ குறித்த அளவை அது தாண்டும். தாண்டாமல் இருந்திருந்தாலும் நான் செய்திருக்கமாட்டேன்.

காகிதத்தை வெட்டி வலது சிலிண்டரில் பதித்து, கோடு இழுத்தேன். அரம் போட்டேன். கொஞ்சம் எடுத்து, துடைத்து, பார்த்து. மேல் விளிம்பு வந்துவிட்டது. மூலை வரவில்லை. கோட்டைப் பார்த்துப் பார்த்து எடுத்ததில் அது கணக்காக, வேறு யாருடையதோ போல இருந்தது. கவனமாகச் செய்தால் அந்த வளைவு வராது என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

பிறகு, அரத்தைத் தூக்காமல், சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினேன்.

யாரும் கூப்பிடவில்லை.

காகிதத்தை மறுபடி வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. பிஸ்டனை விட்டுப் பார்த்தேன், ரிங் எங்கும் சிக்கவில்லை. குருகிராமுக்குப் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை, மன்னியுங்கள் என்றேன். சிலிண்டர்கள் இரண்டையும் கழுவி, எண்ணெய் தடவி, உன் பழைய துப்பட்டாவில் சுற்றி, ஆட்டோ பிடித்து துவாரகாவுக்குக் கொண்டுவந்தேன். மீதி வண்டிக்கு இங்கே பால்கனி இருக்கிறது.