மதாம் தெரேஸ் வீட்டில் என் பிள்ளை

6 ஜூலை 1958, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மாடியில் மிளகாய் காயப் போட்டாயிற்று. தைக்க வேண்டியது: தலையணை உறை இரண்டு, சேகர் கால்சட்டை ஒன்று.

மூன்று வாரமாக ஞாயிறு மதியம் சேகர் வீட்டில் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டு மதாம் தெரேஸ் கூப்பிடுகிறாள், இவனும் போய்விடுகிறான். அவள் மகன் ஆந்த்ரேயும் இவனும் ஒரே வகுப்பு. அவள் புருஷன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். இன்று சேகர் வந்தபோது உதட்டோரம் சிவப்பு. வெற்றிலை என்று நினைத்தேன்.

"ஒயின் மா. அரை கிளாஸ் தண்ணியில ஒரு விரக்கடை. அவங்க வூட்ல பிள்ளைங்க எல்லாருக்கும் ஊத்துவாங்க."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். வயது பதினாறு. கத்தினேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இதில் எழுதுவதையாவது உண்மையாக எழுதுகிறேன். ஒயினைவிடச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. மதியம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரிக்கிற சத்தம். இங்கே என்றால் குனிந்த தலை நிமிராமல் ஆறு நிமிஷத்தில் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். ஏதாவது கேட்டால் "ம்", "இல்ல", "போதும்". அவ்வளவுதான்.

சேகர் அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். கடிதம் போட்டுக் கேட்டால் "உன் இஷ்டம்" என்று ஒரு வரி வரும்.

7 திங்கள்

மண்ணெண்ணெய் தீர்ந்தது. சலவைக்காரர் வரவில்லை.

பத்து மணிக்கு மதாம் வீடு. சண்டை போடத்தான் போனேன். நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி. அதுவும் எரிச்சல்.

"எங்கப்பா சாராயத்துலதான் செத்தாரு மதாம். எம்புள்ளைக்கு ஊத்துறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்காதது தப்புதான் பார்வதி. ஆனா வூட்ல, நம்ம கண்ணெதிர்ல, சோத்தோட குடுத்தா அது பெரிய விஷயமாவே தெரியாது. ஒளிச்சு வெச்சாதான் தேடிப் போவுங்க. இவனே போய்ட்டு வந்தவன்தானே."

எங்கே போனான் என்று புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று பேச்சை மாற்றினாள். சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேர் சைக்கிளில் பிள்ளைச்சாவடிக்குப் போய், தோப்பில் சாராயம் குடித்திருக்கிறார்கள். சேகரும்தான். வழியெல்லாம் வாந்தி. நேராக வந்து மதாம் வீட்டுப் பின்கதவைத் தட்டியிருக்கிறான். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சட்டையைத் துவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து, தூங்கவைத்து அனுப்பியிருக்கிறாள். "ரொம்ப அழுதான்" என்றாள்.

அன்றைக்கு ஆந்த்ரேயோடு படித்துக்கொண்டிருந்தேன் என்றான். பாவம், படித்துக் களைத்தவன் என்று சூடாக இட்லி ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்தான் என்று கேட்டபோது வயிறு பற்றியிருக்க வேண்டும். பற்றவில்லை. அழுவதற்கு அவளைத் தேடிப் போனான், அதுதான் பற்றிக்கொண்டது. பெத்த மனசு பித்து, பிள்ளை மனசு கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். என் பிள்ளை தலையைத் துவட்ட இவள் யார்?

9 புதன்

சேகரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்ததாகவும் காட்டவில்லை.

மதாம் மாதிரி கொண்டை போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சகிக்கவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

அவளிடம் இருப்பது: மேஜை, பூப்போட்ட தட்டு, பிரெஞ்சு, ஒயின். இதில் என்னால் வாங்க முடிந்தது கடைசி ஒன்றுதான்.

12 சனி

விழுப்புரத்திலிருந்து தம்பி கோவிந்து. அக்காமேல் பாசம் என்று பெயர். அங்கே மதுவிலக்கு, இங்கே பிரெஞ்சுக்காரன் காலத்துக் கடை இன்னும் திறந்திருக்கிறது. மாதம் ஒருமுறை பாசம் பொங்கிவிடும்.

சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் வேண்டும் என்றேன்.

"உனக்கா?"

"சேகருக்கு. வூட்லயே குடுத்துட்டா வெளிய தேட மாட்டானாம்."

"புத்தி கெட்டுப்போச்சா அக்கா? நம்மப்பா நம்ம கண்ணெதிர்லதானே குடிச்சாரு. வூட்லயே பாத்தா சரியாப்பூடும்னா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

 இதற்கு மதாமிடம்கூடப் பதில் இருக்காது என்று தோன்றியது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருந்தாலும் வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தான். பாட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால்.

13 ஞாயிறு

தூறல். கோவிந்து முதல் பஸ்ஸில் போய்விட்டான். கறி அரை கிலோ, மிளகு வறுவல், ரசம், வடை. மதாம் வீட்டுக்கு இன்று போக வேண்டாம் என்றேன். சேகருக்கு முகம் தொங்கிவிட்டது.

இலை போட்டேன். வெள்ளி டம்ளரில் ஒயின், மேலே தண்ணீர்.

"என்னா மா இது?"

"அங்க மட்டும்தான் குடுப்பாங்களா? குடி."

இரண்டு வாய் குடித்தான். வறுவல் வைத்தேன், ரசம் ஊற்றினேன், வடை வைத்தேன். இப்போது பேசுவான், இப்போது பேசுவான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ம்." "போதும்."

கேட்டே விட்டேன். "அங்க அப்படிச் சிரிக்கிற. இங்க என்னா கொறைச்சல்? அவ ஊத்துறதத்தானே நானும் ஊத்துறேன்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அங்க மதாமும் எங்ககூட உக்காந்து சாப்புடுவாங்க மா. நீ கரண்டியோட நின்னுகினு எம்மூஞ்சியவே பாக்குற. எனக்கு சோறு எறங்க மாட்டுது."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர் என்றாலும் அப்படித்தான். அதுதான் முறை என்று இருந்துவிட்டேன். ஒயின் வாங்கத் தோன்றியது, உட்காரத் தோன்றவில்லை.

இன்னொரு இலை போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூச்சமாக இருந்தது. அவனே ஒரு வடையை எடுத்து என் இலையில் வைத்தான். பிறகு பிள்ளைச்சாவடிக்குப் போனதைச் சொன்னான். தெரியாதவள் போலக் கேட்டேன். தடுமாறாமல் சொன்னான். ஏற்கனவே ஒருத்தியிடம் சொன்னது அல்லவா.

"ஏன்டா எங்கிட்ட வரல?"

"சின்ன வயசுல, தாத்தா குடிச்சிட்டு வர்ற நாத்தம் வந்தாலே ஒளிஞ்சிக்குவேன்னு நீதானே மா சொல்லியிருக்க. அதே நாத்தத்தோட உன் எதிர்ல எப்படி வந்து நிப்பேன்?"

அவன் வைத்த வடையைத் துண்டு துண்டாகப் பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

"இனிமே தொடவே மாட்டேன்னு சொன்னா பொய்யாயிடும். தொட்டா உங்கிட்ட சொல்றேன்" என்றான். சரி என்றேன். டம்ளரில் பாதி மிச்சம். குடி என்றும் சொல்லவில்லை, கொட்டு என்றும் சொல்லவில்லை.

கை கழுவும்போது கேட்டான், அடுத்த ஞாயிறு மதாம் வீட்டுக்குப் போகலாமா என்று.

"போய்ட்டு வா" என்றேன். வயிறு எரிந்தது. எரியட்டும் என்றுதான் சொன்னேன்.