யானை, முதலை, புயல்

ஐப்பசி 20, திங்கள்

மழை விட்டது. வகுப்பில் ஓடு ஒழுகல். இரண்டாம் வகுப்பை மூலைக்கு நகர்த்தினேன். வாங்க வேண்டியது: சாக்பீஸ், மண்ணெண்ணெய், சுக்கு.

பள்ளிக் கிணற்றடிச் சுவருக்கு மறுபடி கரி பூசியாயிற்று. தண்ணீர் எடுக்க வரும் குப்பத்துப் பெண்களுக்கு அங்கே தினம் ஒரு வரி. இங்கே படிக்கும் அவரவர் பிள்ளை பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிக் கொடுக்கும். முழுதும் படித்தவள் வரிக்குக் கீழே ஒரு கோடு போடலாம். ஆரம்பத்தில் "பசு பால் தரும்" என்று எழுதிப் பார்த்தேன். ஒருத்தியும் நிற்கவில்லை. "கிணற்றில் முதலை. எட்டிப் பார்க்காதே" என்றதும் குடத்தை இறக்கி வைத்தார்கள். அதிலிருந்து தினமும் பயமுறுத்தல்தான். இன்று: "ஊருக்குள் யானை வருகிறது. ஓடுங்கள்." ஒரே சிரிப்பு.

ஹெச்.எம். முகம் சுளித்தார். "பள்ளிக்கூடச் சுவத்துல பொய் எழுதறீங்களேம்மா." பொய் இல்லை சார், பாடம் என்றேன். இவர் வகுப்பில் படிக்க வந்த தாய் ஒருத்தி உண்டா?

ஐப்பசி 22, புதன்

வெயில். இலை அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கிறது. எனக்கென்னவோ பிடிக்கவில்லை. குப்பத்தில் மட்டும் கொண்டாட்டம். மழைக்குக் கரையேற்றிய கட்டுமரமெல்லாம் இறங்கிவிட்டது. நல்ல மீனாம்.

அஞ்சலை (என் வகுப்புக் குப்புவின் அம்மா) இன்னும் ஒரு கோடும் போடவில்லை. குப்பு முந்திக்கொண்டு படித்துவிடுகிறாள். "நீ கம்முனு இருடி, நானே படிக்கிறேன்" என்று மகள் வாயைப் பொத்தினாள். பாதியில் நின்றுவிட்டது. கண் கலங்கிப் போனாள். நாளைக்கு வந்துவிடும் என்றேன்.

மாலையில் கரைப் பக்கமிருந்து காக்கைகள் கூட்டமாக ஊருக்குள். ஒன்றும் கத்தவில்லை. தலைவலி.

ஐப்பசி 23, வியாழன்

புழுக்கம். பிற்பகல் கிராம முனிசீப் சைக்கிளில் வந்தார். தாலுகாவிலிருந்து சேதி. புயல் வருகிறதாம், நாளை யாரும் கடலில் இறங்கக் கூடாதாம். தண்டோரா போடும் தலையாரி காய்ச்சலில். "உங்க சுவத்துல எழுதிப் போட்டுடுங்க டீச்சரம்மா. இப்பத்தான் குப்பமே படிக்குதே."

பெருமையாக இருந்தது, மறைப்பானேன். பெரிய எழுத்தில்: "புயல் வருகிறது. நாளை கடலுக்குப் போக வேண்டாம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அஞ்சலை விரல் வைத்து, தனியாக, கடைசி எழுத்து வரைக்கும்! குப்பு கை தட்டினாள். கூடி நின்றவர்கள் சிரித்து ஆரவாரம். இத்தனை கோடு ஒருநாளும் விழுந்ததில்லை. சேதி சேர்ந்துவிட்டது, நிம்மதி.

எதற்குச் சிரித்தார்கள்? அஞ்சலை படித்துவிட்ட சந்தோஷமாக இருக்கும்.

ஐப்பசி 24, வெள்ளி

விடிந்தும் வெளிச்சமில்லை. காற்று. கரைக்கு ஓடினேன். மணலில் ஒரு கட்டுமரமும் இல்லை.

கரையில் நின்ற அஞ்சலையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். நேற்று படித்தாயே, உன் புருஷனிடம் சொல்லவில்லையா?

"சொன்னேனே. வூட்டுக்குப் போனதும் கேட்டாரு, இன்னிக்கி இன்னா பாடம்னு. ஒரு எழுத்து வுடாம சொன்னேன். 'அன்னிக்கி யானை, இன்னிக்கி புயலா'ன்னு சிரிச்சிகினே படுத்தாரு." சொல்லச் சொல்ல முகம் மாறியது. "அது பாடமில்லியா டீச்சர்?"



பள்ளிக்கு விடுமுறை. முனிசீப், ஹெச்.எம். இருவரும் கரையில். ஹெச்.எம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. குப்பம் கூப்பிடு தூரம். நேற்று நடந்துபோய் வீடு வீடாகச் சொல்லியிருக்கலாம். சுவரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி.

மதியம். சில கட்டுமரங்கள் கரை சேர்ந்தன. அஞ்சலை புருஷனுடையது இல்லை. பார்த்தவரும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. கரையில் இருந்த அஞ்சலை குப்புவை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை. சுவரில் நேற்றைய வரி பாதி கரைந்திருந்தது.

"மீதியையும் அழிச்சிடு டீச்சர். அவரு வந்துட்டாருன்னு எழுது. நான் படிக்கிறேன்."

சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போனேன். சுவர் முழுக்க ஈரம். எழுத்து பிடிக்கவில்லை. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.