பிலோவின் வலது கை

12 நவம்பர் 1934, திங்கள். பெக்கோக், மலாயா.

விடாத மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. இவருக்கு ஸ்டேஷனில் பகல் டூட்டி. சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே அலறல். என் மகள் பிலோ. பிளாட்பாரத்துச் சாமான் தள்ளுவண்டியில் ஏறி, ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். வலது முழங்கை. பார்க்கப் பார்க்க வீங்கியது. ஆறு வயதுப் பிள்ளையின் கையா அது?

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸ்ஸர் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தார். தொட்டதும் அவர் முகம் மாறியது.

"மூட்டை ஒட்டி முறிஞ்சிருக்கும்மா. பிள்ளைங்களுக்கு எலும்பு வளர்ற இடம் அது. நான் இழுத்து உக்கார வைக்க மாட்டேன். காலையில ரயிலேத்தி ஜொகூர் பாரு கொண்டு போயிடுங்க."

பலகை வைத்துக் கட்டினார். போகும்போது: "விரலைப் பாத்துக்கிட்டே இருங்க. ஜில்லுன்னு ஆனா, வெளுத்தா, கட்டைத் தளர்த்திடுங்க."

விளக்கு ஏற்றும்போது விரல்கள் ஜில்லென்று இருந்தன. ஒரு விரலை நிமிர்த்தினேன், வீரிட்டாள். நகமெல்லாம் வெள்ளை.

"அவுக்காத. எலும்பு நகந்துட்டா என்ன பண்றது?" என்றார் இவர்.

கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். பலகையை அசைக்காமல் துணியை மட்டும் மேலிருந்து கீழே வெட்டினேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நகத்தை அழுத்தி விட்டேன். வெள்ளை. மறுபடியும். வெள்ளை. மாதாவே. பிறகு மெல்ல, மிக மெல்ல, சிவப்பு.

13, செவ்வாய். ஜொகூர் பாரு.

ரயிலில் பிலோ என் மடியில். இவர் லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தார். எதிரே ஒரு மலாய்க்கார அம்மாள், "கசியான்", பாவம் என்று பிலோவின் தலையைத் தடவினாள். குளுவாங் தாண்டும்வரை நகத்தை அழுத்திப் பார்த்தபடியே இருந்தேன். சோப்பு எடுத்துவர மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. வெள்ளைக்கார டாக்டர். தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி மொழிபெயர்த்தாள்.

"கட்டை வெட்டினது யாருன்னு கேக்கிறாரு."

நான் வாய் திறக்கவில்லை, அதற்குள் இவர் முன்னால் போய், "நாந்தான்" என்றார். திட்டு தனக்கு விழட்டும் என்று.

"நல்லவேளை செஞ்சீங்க. விட்டிருந்தா கை செத்துப் போயிருக்குமாம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்த்தார்கள். கதவுக்கு வெளியே ஜெபமாலை. எந்த மணியில் இருந்தேன் என்றே தெரியவில்லை.

15, வியாழன்.

பெருவிரல் மடங்கவில்லை. மற்ற விரல்கள் அசைகின்றன, அது மட்டும் இல்லை. "நரம்பு அடிபட்டிருக்கலாம். பொறுத்துத்தான் பாக்கணும்" என்கிறாள் மிஸ்ஸி.

இன்னொன்றும் சொன்னாள். முறிவு, எலும்பு வளரும் இடத்தைத் தொட்டிருக்கிறது. கை கோணிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். "பிள்ளை வளர வளரத்தான் தெரியும்."

வளரட்டும், வளரட்டும் என்றுதான் இத்தனை நாளும் ஊட்டினேன். இனி ஒவ்வொரு சட்டையும் சின்னதாகும்போது அந்தக் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

இவர் மாலை வண்டியில் ஊருக்கு. நான் தனியே. எழுதுவாளா? சடை பின்னிக்கொள்வாளா? சோறு பிசைவாளா?

17, சனி.

மழை விட்டது. கஞ்சி ஊட்டினேன். சூடு பார்க்க மறந்தேன்.

"சுடுதும்மா!"

கோபத்தில் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இடது கை போர்வைக்குள். இழுத்தது வலது கைக் கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல்கள். பெருவிரல் துணியைக் கவ்வியிருந்தது. லேசாகத்தான்.

மிஸ்ஸியைக்கூடக் கூப்பிடாமல் சேலையை அவள் விரல்பக்கம் நீட்டினேன். இன்னொரு தரம் இழு, பிலோ. இன்னொரு தரம்.