கம்பி வராத வீடு

நாள் 29. காலை 7:10
வெளியே மைனஸ் 61. உள்ளே 19. தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் நாலாயிரம் லிட்டர் தண்ணீர், 78 டிகிரி. பேட்டரியில் எண்பது யூனிட், முழுதாக.

இதைப் படிக்கப்போவது யாரென்று தெரியாததால் சொல்லிவிடுகிறேன். நான் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தெட்டு, பிளம்பிங்கும் வயரிங்கும் என் வேலை. செவ்வாயில் நாங்கள் மொத்தம் நான்கு பேர். மற்ற மூவர் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, நிலையத்தில். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே அணு உலைதான். இந்த வீட்டுக்கு அங்கிருந்து ஒரு கம்பிகூட வரவில்லை. கூரைப் பலகைகளில் விழும் வெயில்தான் மின்சாரம். மிச்சமாகும் மின்சாரம் தண்ணீரைச் சூடாக்கும், அந்தத் தண்ணீர் தரைக் குழாய்களில் ஓடி வீட்டைச் சூடாக்கும். இப்படி ஒரு வீடு நிற்குமா என்று அறுபது நாள் தனியே இருந்து பார்ப்பதுதான் ஏற்பாடு.

அடுத்த கப்பலில் பதினொரு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு எத்தனை பலகை, எவ்வளவு பெரிய தொட்டி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். காற்று இயந்திரத்துக்கு நாளுக்குப் பன்னிரண்டு யூனிட். தண்ணீர் பம்புக்கு மூன்று. ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். முட்டி வலிக்கிறது.

நாள் 30. காலை 11:30
நிலையத் தலைவி ஜெசிந்தா பேசினாள். தூத்துக்குடிக்காரி.
"என்ன அண்ணாச்சி, சுடுதண்ணி வருதா?"
"வருதும்மா. உங்க உலையை நம்பாமலே குளிக்கேன்."
"தனி வீடுன்னா எடை கூடும் அண்ணாச்சி. கப்பல்ல இடம் கெடயாது. ஆளாளுக்கு ஒரு தொட்டியைத் தூக்கிட்டு வர முடியுமா? எல்லாருக்கும் ஒரே உலைங்கிற பழைய பிளானுக்கே நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."
மூன்று வருடமாக இதே பேச்சு. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நாள் 31. மாலை 4:00
தெற்கே வானம் பழுப்பாகிவிட்டது. பலகைகள் இன்று தந்தது முப்பத்தொன்று. நேற்று எழுபது.

நாள் 32. காலை 9:20
தூசிப் புயல். வெயில் என்ற ஒன்றே இல்லை. நாலு யூனிட் வந்தால் பெரிது. தொட்டிச் சூடேற்றியை நிறுத்திவிட்டேன். இனி இருக்கிற சூடுதான். பொறுத்து இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு வாரம் தாங்கும்.

நாள் 33. பகல் 1:45
நிலையத்தில் உலை நின்றுவிட்டது. குளிர்விக்கும் குழாய் வெடித்து, அடைக்கப் போன தங்கத்துரைக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. அவன்தான் ஓட்டுநர்.
"இங்க எல்லாம் அணைஞ்சு போச்சு அண்ணாச்சி. அவசர பேட்டரி நாளைக்கு வரைக்கும்தான். டாக்டர் நிலோபர், தங்கத்துரை, நான், மூணு பேரும் வண்டியில அங்க வாறோம். எடம் இருக்கா?"
"இதென்னம்மா கேள்வி. வாங்க."
"வழி தெரியல. வழிக்கு நட்ட கொடியெல்லாம் மண்ணு மூடிட்டு."
"சிக்னல் போட்டு வைக்கேன். அதைப் பிடிச்சே வாங்க. எத்தனை நாளானாலும் அணைக்க மாட்டேன்."
இதில் ஜெயித்த சந்தோஷம் எதுவும் வரவில்லை. உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். சிக்னலுக்கு நாளுக்கு ஆறு யூனிட். நான்கு பேர் வந்தால் காற்றுக்கு இருபது. எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

நாள் 34. மாலை 5:30
வண்டி நடைவேகத்தில்தான் வருகிறது. ஓட்டுவது ஜெசிந்தா. இன்று ஏழு கிலோமீட்டர்.
இரண்டு அறைகளுக்குப் போகும் வெந்நீரை அடைத்துவிட்டேன். நடு அறை மட்டும் போதும். விளக்கு இல்லை. சமையல் இல்லை. தொட்டி 57.

நாள் 35. காலை 10:00
உள்ளே 9 டிகிரி. நடு அறைக்கும் வெந்நீரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். வருகிறவனுக்குக் கை வெந்திருக்கிறது, சூடு அவனுக்கு வேண்டும். நான் சட்டைமேல் சட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தூக்கம் வரவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

நாள் 36. பகல் 2:20
சிக்னல் கருவி செத்துவிட்டது. குளிரில் இணைப்பு விரிசல் விட்டுவிட்டது. பேச்சும் அதே ஆண்டெனாவில்தான். கடைசியாகக் கேட்டது இவ்வளவுதான்:
"...நாலு கிலோமீட்டர்தான் இருக்கணும்... வெளக்கு ஏதாச்சும் காட்டுங்க அண்ணாச்சி..."

2:50
வெளி உடுப்பைச் சூடாக வைக்க ஐந்து யூனிட் ஏற்ற வேண்டும். பேட்டரியில் மிச்சம் பன்னிரண்டு. ஐந்தையும் எடுத்தால் அவர்கள் வந்து சேரும்போது காற்று இயந்திரம் ஓடாது. ஒன்றரை ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு வரும்.

4:05
வீட்டுக்குப் பக்கத்து மேட்டுக்குப் போய் விளக்கைக் காட்டிவிட்டு வந்தேன். ஒன்றும் தெரியவில்லை. கால் விரல்கள் மரத்துவிட்டன. எழுத்து கோணலாக வருகிறது, மன்னிக்கவும்.

4:30
மறுபடி போகிறேன். உடுப்பில் இருபது நிமிடத்துக்குத்தான் சூடு. விளக்கில் நிறைய இருக்கிறது.
யார் வந்தாலும்: நடு அறையிலேயே இருங்கள். சுவரில் சிவப்புப் பிடி, இடது பக்கம் திருப்பினால் தரைக்கு முழு வெந்நீர் வரும். தங்கத்துரையை நடுவில் படுக்க வையுங்கள். பம்பு சத்தம் போடும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். தண்ணீர் இன்னும் 44

நாள் 39. பகல் 12:15
இதை எழுதுவது ஜெசிந்தா.

36ஆம் நாள் மாலை 5:40க்கு விளக்கு தெரிந்தது. நாங்கள் அதற்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம். மேட்டில் ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விளக்கைக் கையோடு சேர்த்து வாரால் கட்டியிருந்தார், விழுந்துவிடாமல் இருக்க.

உள்ளே கொண்டுவந்து முதலில் அவரைத்தான் தரையில் கிடத்தினோம். நிலோபர் ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்தாள், நெஞ்சை அழுத்தியது நான். கடைசியில் என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா, போதும்" என்றாள்.

இன்று தூசி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பலகைகள் இருபத்தாறு யூனிட் தந்தன. அவர் மிச்சம் வைத்ததோடு வண்டிப் பேட்டரியையும் கோத்து ஓட்டிய காற்று இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது. தங்கத்துரைக்குக் காய்ச்சல் இல்லை.

அவரை வெளியே வைக்க வேண்டும். மூன்று நாளாகிவிட்டது, தரை சூடாக இருக்கிறது, நிலைய விதியும் அதுதான். காலையில் சொன்னேன். தங்கத்துரை கட்டுப் போட்ட கையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.
"இன்னைக்கு ஒரு நா அவரு உள்ளயே படுக்கட்டும் மேடம். நமக்குன்னு சேத்து வச்ச சூட்டுல அவரு உசுரோட ஒரு நாகூடப் படுக்கலியே."

அவர் உடல் கெடாமல் உள்ளேயே இருக்கட்டும் என்று சிவப்புப் பிடியை மட்டும் அடைத்தேன். மூன்று பேரும் குளிரில் உட்கார்ந்திருக்கிறோம்.