தண்ணீர் கேட்டவனின் கதவு

அண்ணா,

இன்று காலை ஜீப்பில் ஏறியதும், புதிதாக வந்திருக்கும் காவலர் தைலப் புட்டியைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். ஓசூர் ரோட்டுப் புகை அவருக்கு இன்னும் பழகவில்லை. நீங்கள் தினமும் தேய்த்துக்கொண்ட அதே தைலம். அந்த வாசனையோடு நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மனம் கலங்கிய ஒருவரைப் பற்றி அழைப்பு வந்தால் போலீஸோடு ஒரு மனநல ஆலோசகரும் போக வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் நாம் சேர்ந்தோம். நீங்கள் ஹெட் கான்ஸ்டபிள், நான் ஆலோசகர். முதல் நாளே சொன்னீர்கள்: “கள்ளனப் புடிக்க எங்களுக்குத் தெரியும் மேடம். இது வேற. நீங்க சொல்ற வரைக்கும் நாங்க கதவத் தொட மாட்டோம்.” அதற்கு முன்பே உங்கள் ஸ்டேஷனில் வகுப்பெடுத்தவள் நான். அவசரப்படாதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்று பலகையில் எழுதிக் காட்டியவள்.

பொம்மனஹள்ளியில் அந்த மூன்றாவது மாடி வீடு உங்களுக்கு மறந்திருக்காது. அங்கே இருந்த முரளி, ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல்காரர். அக்கம்பக்கத்தார் தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று மூன்று நாளாக எதுவும் குடிக்காமல் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருந்தார். சமையலறைக் கத்தி அவர் கையில் இருப்பதாக அவருடைய அக்கா சொன்னாள். “அடிக்காதீங்க சார், அவன் நல்லவன்” என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் கால் மணி நேரம் நான் பேசினேன். பதில் இல்லை. பிறகு நீங்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்தீர்கள். எந்த மெஷினில் தைக்கிறார், காலர் கஷ்டமா கை கஷ்டமா என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் உள்ளிருந்து குரல் வந்தது.

“தண்ணி இருக்கா?”

உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அது உறுத்தியது. படித்தவள் நான், பேச வைத்தது நீங்கள். மாடிப்படி முழுக்க ஆட்கள் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அழைப்புக்கு என் போன் விடாமல் அடித்தது. கத்தி வேறு.

“உடைச்சிடுங்க” என்றேன்.

“தண்ணி கேட்டுட்டான் மேடம். இன்னும் ஸ்வல்ப நேரம். அவனே தொறப்பான்.”

“நான் சொல்றேன்ல?”

என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு எழுந்து, மற்ற இரண்டு காவலர்களோடு தோள் கொடுத்தீர்கள். தாழ் தெறித்தது. முரளி கதவுக்கு நேர் பின்னால் நின்றிருந்தார், தண்ணீர் வாங்கிக்கொள்ள. கையில் ஒரு டம்ளர்தான் இருந்தது. கதவோடு சேர்ந்து விழுந்தவரின் வலது தோள் உடைந்தது. நீங்கள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “சாரி மகனே, சாரி” என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதாக வெளியே போய் நின்றுகொண்டேன்.

முரளிக்கு மனம் தெளிந்துவிட்டது, வைத்தியம் நடக்கிறது. தோள் மட்டும் சரியாகவில்லை. மெஷினில் உட்கார முடியாமல் இப்போது துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறார்.

அக்கா புகார் கொடுத்தாள். விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்தது எனக்கு மனப்பாடம்: “பேச்சு பலனளிக்காததால் கதவு உடைக்கப்பட்டது.” யார் சொல்லி என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அதிகாரி வாய்விட்டே கேட்டார். “சரியா ஞாபகம் இல்ல சார்” என்றேன். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். அவசரப்பட்டார் என்று உங்கள் மேல் குறிப்பு விழுந்தது. வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோயிற்று. நான் எழுதியது உங்களுக்குத் தெரியாது என்றே நம்பினேன். அந்த நம்பிக்கையில் இரண்டு வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றேன், சிரித்தேன், என் மாமியாரைப் பற்றிப் புலம்பினேன்.

நெஞ்சு வலியில் நீங்கள் போன பிறகு உங்கள் தொம்மலூர் வீட்டுக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“தெரியும்மா. அந்த பேப்பரோட காப்பி அவருக்கு அப்பவே குடுத்தாங்க. ரெண்டு தடவ படிச்சாரு.”

“என்னப் பத்தி என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. மறுநாள் யூனிஃபார்ம் போட்டுக்கினு டூட்டிக்குக் கெளம்பிட்டாரு.”

அடுத்த திங்கட்கிழமையே, உடைக்கச் சொன்னது நான்தான் என்று எழுதி அந்த விசாரணை அதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். “ஆளே போயாச்சு, இப்ப எதுக்கு மேடம் இது?” என்றார் அதிகாரி. முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளும்வரை நின்றேன். முரளியின் அக்காவுக்கும் ஒரு நகல் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை.

நீங்கள் மன்னித்தீர்களா, வெறுத்தீர்களா என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை. ஒன்றுதான் தெரியும். அந்தத் தாளைப் படித்த மறுநாள் காலை, “குட் மார்னிங் மேடம், சாப்ட்டீங்களா?” என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் அண்ணா என்று, உங்கள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.